குடத்தில் சுமப்பதா, குழாயைத் திறப்பதா: ஃபோனை டிவியில் போடும் வழிகள்

தங்கையின் வளைகாப்பு முடிந்த மறுநாள் காலை. ஃபோட்டோக்காரர் ஆல்பம் தர இன்னும் ஒரு மாதம் ஆகும். வீட்டில் தங்கியிருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் என் ஃபோனைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இதெல்லாம் அந்த டிவில போட முடியாதாடா?" என்றார் பெரியம்மா. முடியுமே என்று, ஃபோன் திரையை அப்படியே டிவியில் காட்டும் மிரரிங்கைத் தட்டி, 43 அங்குல டிவியில் ஏற்றினேன். அடுக்கடுக்காக வளையல் போட்ட கை, சந்தனம் பூசிய கன்னம், வாழையிலையில் ஏழு வகைச் சாதம் என்று படங்கள் ஓட, ஹாலில் ஒரே சிரிப்பு. பதினைந்தாவது படத்தின் உச்சியில் ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்து இறங்கியது. சித்தி மகன் அனுப்பியது: "பெரியம்மா கிளம்பிட்டாங்களா? கிளம்புனதும் சொல்லு, அப்புறம் வர்றேன்."

பெரியம்மாவுக்குப் போன வருஷம்தான் கண்புரை ஆபரேஷன் ஆனது. பார்வை பிரமாதமாக இருக்கிறது.

தப்பு செய்தி அனுப்பிய அந்தத் தம்பியுடையது இல்லை, நான் பிடித்த வழியுடையது. அன்று நான் செய்திருக்க வேண்டியது வேறு. அதனால் இப்போதெல்லாம் யாராவது "ஒயர் இல்லாம ஃபோன டிவில கனெக்ட் பண்ண எது நல்லது?" என்று கேட்டால், எந்தப் பெட்டியை வாங்கலாம் என்ற பேச்சுக்கே நான் போவதில்லை. படத்தை யார் கொண்டுவரப் போகிறார்கள், ஃபோனா டிவியா என்று திருப்பிக் கேட்கிறேன்.

தண்ணீர் லாரி வந்த தெருவில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். லாரியில் பிடித்த தண்ணீரைக் குடம் குடமாக இடுப்பில் சுமந்து வந்து வீட்டுத் தொட்டியில் ஊற்றுவது ஒரு வழி. தொட்டிக்கே ஒரு ஹோஸைப் போட்டுவிட்டு, வால்வைத் திறந்துவிட்டு, உள்ளே போய் வேறு வேலை பார்ப்பது இன்னொரு வழி. மிரரிங் என்பது குடம். ஃபோன் திரையில் தெரியும் அத்தனையையும் ஃபோனே படமாக்கிச் சுருக்கி, ஓயாமல் டிவிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். திரையை அணைத்தால் படம் நின்றுவிடும். கால் வந்தால் கால் வந்தது ஊருக்கே தெரியும். அரை மணியில் ஃபோன் சூடாகும், பேட்டரி கரையும்.

காஸ்ட் என்பது ஹோஸ். யூடியூபில் ஒரு வீடியோவைத் திறந்து, மேல் மூலையில் ஒரு சதுரமும் அதன் அடியில் மூன்று வளைகோடுகளும் போட்ட குறியைத் தட்டுகிறீர்கள் அல்லவா, அப்போது ஃபோன் டிவிக்குப் படத்தை அனுப்புவதில்லை. எந்த வீடியோ என்ற முகவரியை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. டிவி தானே இணையத்துக்குப் போய் எடுத்துக்கொள்கிறது. நீங்கள் ஃபோனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் ஒரு மணி நேரம் பேசினாலும் ஹாலில் படம் ஓடும்.

ப்ளூடூத்தில் ஆகாதா என்று ஒருவராவது கேட்பார். ஆகாது. அது நொடிக்கு 2, 3 மெகாபிட் போகும் ஒற்றையடிப் பாதை. பாட்டுக்குப் போதும். டிவியில் இருக்கும் ப்ளூடூத் ஹெட்ஃபோனுக்கும் ரிமோட்டுக்கும்தான்.

மிரரிங்கில் நம் ஊர் ஆண்ட்ராய்டு ஃபோன்களில் அதிகம் புழங்குவது மிராகாஸ்ட். 2012இல் வைஃபை அலையன்ஸ் கொண்டுவந்த தரம். பெயர்தான் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒன்று. சாம்சங்கில் ஸ்மார்ட் வியூ, எல்ஜி டிவியில் ஸ்கிரீன் ஷேர், வேறு சிலதில் வயர்லெஸ் டிஸ்பிளே. கடையில் போய் "மிராகாஸ்ட் இருக்கா" என்று கேட்டால் விற்பனைப் பையன் விழிப்பான், "ஸ்கிரீன் மிரரிங்" என்று கேளுங்கள். ஃபோன் பக்கமும் பார்த்துக்கொள்ள வேண்டும். கூகுளின் பிக்ஸல் ஃபோன்களில் மிராகாஸ்ட் கிடையாது, ஐஃபோனிலும் கிடையாது.

மிராகாஸ்ட்டுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. வீட்டில் ரூட்டர் வேண்டாம், நெட் வேண்டாம். ஃபோனும் டிவியும் வைஃபை டைரக்ட் என்ற முறையில் நேருக்கு நேர் கைகோத்துக்கொள்ளும். நெட்டே எட்டாத ஊரில் இருக்கும் வீட்டிலும் கல்யாண வீடியோவை இப்படிப் போட்டுப் பார்க்கலாம். கேலரியில் இருக்கும் படம், வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ, பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு, கணக்குப் பார்க்கும் எக்ஸெல் தாள் என்று எதுவானாலும் போகும், ஏனென்றால் திரையில் தெரிவதுதான் கணக்கு, எந்த ஆப் என்பது இல்லை.

ஆனால் இந்த எதுவானாலும் என்ற சொல் ஓடிடியில் வந்து முட்டிக்கொள்ளும். நெட்ஃபிளிக்ஸையோ பிரைம் வீடியோவையோ திறந்து மிரர் செய்து பாருங்கள். பெரும்பாலும் கருப்புத் திரை. சில ஃபோன்களில் வசனம் மட்டும் கேட்கும், ரேடியோ நாடகம் மாதிரி. டிவி கெட்டுவிட்டதோ என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டவர்களை எனக்குத் தெரியும். ஒன்றும் கெடவில்லை. படத்தை யாரும் பதிவு செய்துவிடக் கூடாது என்று அந்த ஆப்களே போடும் பூட்டு அது. இதற்கு வழி சொல்கிறேன் என்று வரும் ஆப்களை இறக்காதீர்கள். விளம்பரம் வந்து குவியும், படம் வராது.

இங்கேயே இன்னொரு பூட்டையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னிடம் வரும் புகார்களில் பாதி இதுதான். ரீசார்ஜோடு சும்மா கிடைக்கும் சந்தாக்கள் பல, மொபைலுக்கு மட்டுமானவை. நெட்ஃபிளிக்ஸின் மாதம் 149 ரூபாய் மொபைல் பிளானும் அப்படித்தான். 2019இல் 199 ரூபாய்க்கு வந்து 2021 டிசம்பரில் விலை குறைந்த பிளான் அது. ஃபோனிலும் டேப்லட்டிலும் பார்க்கலாம், டிவிக்கு எந்த வழியிலும் போகாது. ஐபிஎல் தொடங்குகிற அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு டிவியின் பின்னால் செருகும் டாங்கிளையும் டிவியையும் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருக்காமல், முந்தின நாளே உங்கள் பிளானில் டிவி உண்டா என்று பார்த்துவிடுங்கள்.

தாமதத்தையும் சொல்ல வேண்டும். மிரரிங்கில் ஃபோனில் விரலை நகர்த்தினால் டிவியில் அது ஒரு கணம் பிந்தித்தான் நகரும். படமும் சத்தமும் சேர்ந்தே பிந்துவதால் சினிமா பார்க்கையில் தெரியாது. கேம் விளையாடினால் தெரியும். தம்பி மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி விளையாட்டை டிவியில் போட்டுவிட்டு, தான் சுடுவதற்கு முன்னாலேயே செத்துப்போவதாக அழுதான். அவன் சொன்னது ஒரு வகையில் சரிதான்.

காஸ்ட் பக்கம் வருவோம். கூகுள் 2013இல் குரோம்காஸ்ட் என்ற சின்ன டாங்கிளைக் கொண்டுவந்தது. இந்தியாவுக்கு 2014 டிசம்பரில் 2,999 ரூபாய்க்கு வந்தது. டிவியின் ஹெச்டிஎம்ஐ துளையில் செருகினால் போதும், ரிமோட்டே கிடையாது, உங்கள் ஃபோன்தான் ரிமோட். இன்றைக்கு அந்த வசதி கூகுள் டிவி, ஆண்ட்ராய்டு டிவி என்று எழுதியிருக்கும் டிவிகளுக்குள்ளேயே வருகிறது. நான் இதற்கு ஏன் முதல் ஓட்டு போடுகிறேன் என்றால், படம் தெளிவு என்பதற்காக மட்டும் இல்லை. தேடுகிற வசதிக்காக. டிவி ரிமோட்டின் நாலு அம்புக்குறியை வைத்துக்கொண்டு "சூலமங்கலம் சகோதரிகள் கந்த சஷ்டி கவசம்" என்று எழுத்து எழுத்தாகப் போய் அழுத்திப் பாருங்கள். ஃபோனில் மைக்கைத் தொட்டுத் தமிழில் சொன்னால் மூன்று நொடியில் வந்துவிடுகிறது. என் அம்மா இங்கிலீஷ் எழுத்துகளைத் தேடிக் கண்டுபிடித்து அழுத்துகிறவர் இல்லை. ஃபோனில் சொல்லித் தேடுகிறார், குறியைத் தட்டுகிறார், ஃபோனைப் பூஜை அறை மாடத்தில் வைத்துவிட்டுப் பூ தொடுக்க உட்கார்ந்துவிடுகிறார். இரண்டு நாள் பழக்கம்.

காஸ்ட்டில் குழப்பம் தருவது ஒன்று உண்டு. சாம்சங் டிவி வைத்திருப்பவர்கள், "யூடியூப் மட்டும் போகுது, வேற ஆப்ல அந்தக் குறியே வரலையே" என்பார்கள். சாம்சங் டிவிகள் பெரும்பாலானவற்றில் கூகுள் காஸ்ட் உள்ளே இல்லை. யூடியூப் போன்ற சிலவற்றுக்கு டயல் என்ற தனிப் பாலம் இருக்கிறது, யூடியூபும் நெட்ஃபிளிக்ஸும் சேர்ந்து உருவாக்கியது. அதனால்தான் குறி யூடியூபில் தெரிகிறது. எல்ஜியும் 2024 மாடல்களில்தான் காஸ்ட்டை உள்ளே சேர்க்கத் தொடங்கியது. ஆக, டிவி வாங்கப் போகிறவர்கள் பெட்டியில் "ஸ்மார்ட்" என்று போட்டிருப்பதைப் பார்த்து நம்பிவிடக் கூடாது. உள்ளே ஓடும் ஓஎஸ், அதாவது டிவியை இயக்கும் மென்பொருள், எது என்று கேளுங்கள்.

யூடியூபுக்கு இன்னொரு ரகசிய வாசலும் உண்டு. டிவியின் யூடியூபில் அமைப்புகளுக்குள் போனால், டிவி குறியீட்டால் இணைக்கலாம் என்று ஒரு இடத்தில் எண் வரும். அதை ஃபோனின் யூடியூபில் போட்டால் முடிந்தது. வழக்கமாகக் காஸ்ட்டுக்கு இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும், இது மட்டும் டிவி வீட்டு வைஃபையிலும் ஃபோன் மொபைல் டேட்டாவிலும் இருந்தாலும் வேலை செய்யும். விருந்தாளிக்கு வைஃபை பாஸ்வேர்டு சொல்ல மனமில்லாதவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

காஸ்ட்டுக்கும் ஆயுள் உத்தரவாதம் இல்லை. 2024 ஆகஸ்டில் கூகுள் குரோம்காஸ்ட் என்ற சாதனத்தைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. 2025 மார்ச்சில் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்கள் உலகம் முழுக்க ஒரே நாளில் படுத்துவிட்டன. உள்ளே இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதுதான் காரணம். பிறகு அப்டேட் அனுப்பிச் சரிசெய்தார்கள். 2025 கடைசியில் நெட்ஃபிளிக்ஸ், ரிமோட் உள்ள பெரும்பாலான டிவிகளுக்கு ஃபோனிலிருந்து காஸ்ட் செய்வதை நிறுத்தி, டிவியிலேயே எங்கள் ஆப்பைத் திறந்துகொள் என்று சொல்லிவிட்டது. "லேசா யூஸ் பண்ணது" என்று யாராவது பழைய குரோம்காஸ்ட்டை விற்க வந்தால் யோசியுங்கள்.

ஐஃபோன் வைத்திருப்பவர்களின் உலகம் வேறு. அவர்களுக்கு ஏர்பிளே. 2010இல் வந்தது. முன்பெல்லாம் அதற்கு ஆப்பிள் டிவி பெட்டி கட்டாயம் என்ற நிலை. 2019இலிருந்து சாம்சங், எல்ஜி, சோனி டிவிகள் பலவற்றில் ஏர்பிளே 2 உள்ளேயே வருகிறது. இதன் அழகு என்னவென்றால் குடமும் ஹோஸும் ஒரே பெயருக்குள் இருக்கின்றன. வீடியோ ஆப்புக்குள் இருக்கும் குறியைத் தட்டினால் பெரும்பாலும் டிவியே எடுத்துக்கொள்ளும். கட்டுப்பாட்டுத் திரையில் ஸ்கிரீன் மிரரிங்கைத் தட்டினால் முழுத் திரையும் போகும். டிவியில் ஏர்பிளே இல்லாவிட்டாலும் ஐஃபோன்காரர்கள் அனாதை இல்லை. யூடியூப் போன்ற ஆப்களுக்குள்ளிருந்து கூகுள் காஸ்ட் அவர்களுக்கும் வேலை செய்யும். முழுத் திரையை அனுப்புவதுதான் வராது. ஒன்று மட்டும்: முதல்முறை ஆப்பைத் திறக்கும்போது "உள்ளூர் நெட்வொர்க்கில் உள்ள சாதனங்களைக் கண்டறிய அனுமதிக்கவா" என்று ஐஃபோன் கேட்கும். வழக்கம்போல் வேண்டாம் என்று தட்டியிருப்போம். அப்புறம் ஆறு மாதம் காஸ்ட் குறி வரவில்லை என்று ரூட்டரைத் திட்டிக்கொண்டிருப்போம். அமைப்புகளில் போய் அந்த அனுமதியைத் திரும்பக் கொடுத்தால் போதும்.

டிவியே பழசு என்றால்? 2006இல் தொடங்கி தமிழ்நாடு அரசு இலவசமாகக் கொடுத்த கலர் டிவி இன்னும் சில வீடுகளில் உயிரோடு இருக்கிறது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வட்ட ஓட்டைகள் கொண்ட டிவி. அதற்கு ஹெச்டிஎம்ஐயிலிருந்து மாற்றித் தரும் ஒரு டப்பா வாங்கி, அதன் பின்னால் ஸ்டிக் செருகி எல்லாம் செய்யலாம், நானே ஒருவருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். படம் வந்தது. எழுத்து எதையும் படிக்க முடியவில்லை. அந்தக் காசைச் சேர்த்து வைப்பது மேல்.

ஹெச்டிஎம்ஐ உள்ள, ஆனால் ஸ்மார்ட் இல்லாத டிவி என்றால் கதை வேறு. பத்து வருஷத்துக்கு முன் வாங்கிய நல்ல 32 அங்குல எல்ஈடிகள் எத்தனையோ வீட்டில் இருக்கின்றன. அவற்றுக்கு இரண்டு பாதை. மலிவான மிரரிங் டாங்கிள் ஒன்று. ஃபயர் டிவி ஸ்டிக், கூகுள் டிவி ஸ்டிக் போன்று தனக்கென்று ஓஎஸ்ஸும் ரிமோட்டும் உள்ள ஸ்டிக் இன்னொன்று. விலையைப் பார்த்து நானும் முதலில் மலிவு டாங்கிளைத்தான் வாங்கினேன். பெயர் தெரியாத கம்பெனி. முதல் நாள் நன்றாக ஓடியது. இரண்டாம் நாள் ஃபோனில் புது அப்டேட் வந்தது, டாங்கிள் ஃபோனை அடையாளம் தெரியாதவரைப் பார்ப்பதுபோல் பார்த்தது. அதன் ஆப்பை இறக்கச் சொல்லி ஒரு க்யூஆர் கோடு காட்டியது. அந்த ஆப் என் தொடர்புகளையும் இருப்பிடத்தையும் கேட்டது. டிவிக்கு எதற்கு என் மாமனார் நம்பர்?

ஸ்டிக் வாங்கினால் குறைந்தபட்சம் ஃபோன் இல்லாமலும் டிவி ஓடும். இது சின்ன விஷயம் இல்லை. ஃபோன் உங்களோடு ஆபீஸுக்குப் போய்விட்டால் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? ஸ்டிக் வாங்கும்போது கவனிக்க வேண்டியது, அதற்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்பதுதான். டிவியின் பின்னால் இருக்கும் யூஎஸ்பி துளையில் செருகினால் வயர் தொங்காமல் அழகாக இருக்கும். ஆனால் யூஎஸ்பி 2.0 துளை தரவேண்டியது 500 மில்லிஆம்பியர்தான். ஸ்டிக்குக்கு அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். விளைவு, படம் சூடுபிடிக்கும் நேரத்தில் ஸ்டிக் அணைந்து திரும்ப முதலிலிருந்து லோகோ காட்டும். மாமா வீட்டில் ஒரு வாரம் இதே கதை. "சீனா பீஸ்டா" என்று தூக்கிப் போட இருந்தார். பெட்டிக்குள் பிரிக்காமல் கிடந்த அடாப்டரைச் சுவரில் மாட்டினேன், அந்தத் தொல்லை நின்றுவிட்டது. கேபிள் செட்டாப் பாக்ஸ் ஒரு ஹெச்டிஎம்ஐயைப் பிடித்திருக்கும், இரண்டாவது துளை இருக்கிறதா என்பதையும் வாங்கும் முன்னே எட்டிப் பாருங்கள்.

ஒயரில்லாமல் என்று தொடங்கிவிட்டு ஒயரைப் பற்றிப் பேசக் கூடாது, ஆனாலும் ஒரு எச்சரிக்கை. டைப் சியிலிருந்து ஹெச்டிஎம்ஐ கேபிள் வாங்கினால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள், தங்கள் ஃபோன் அந்தத் துளை வழியாகப் படத்தை வெளியே விடுமா என்று முதலில் பார்க்க வேண்டும். பட்ஜெட் ஃபோன்களில் பெரும்பாலானவை விடாது, சார்ஜும் ஃபைல் பரிமாற்றமும் மட்டும்தான். கேபிளை மாற்றி மாற்றி வாங்கிப் பயனில்லை. அதேபோல் கல்யாண வீடியோ முழுசும் பார்க்க வேண்டும் என்றால், மூன்று மணி நேரம் மிரர் செய்வதைவிடப் பென்டிரைவில் ஏற்றி டிவியில் செருகுவது எவ்வளவோ நிம்மதி.

பிராட்பேண்ட் இல்லாத வீடுகளுக்கு ஒரு கணக்கு. நெட்ஃபிளிக்ஸே சொல்வது: ஹெச்டியில் மணிக்கு 3 ஜிபி வரை, சாதாரணத் தரத்தில் 1 ஜிபி வரை செலவாகும். தினம் 1.5 ஜிபி ரீசார்ஜில் இருப்பவர் ஹெச்டியில் பார்த்தால் அரை மணியில் கதை முடிந்துவிடும். எந்த வழியில் இணைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இந்த வீடுகளில் மிராகாஸ்ட் தானாக மேலே வந்துவிடுகிறது. ஃபோனில் இருக்கும் சொந்தப் படங்களுக்கு டேட்டாவே செலவாகாது. காஸ்ட்தான் வேண்டும் என்றால், மேசை டிராயரில் கிடக்கும் பழைய ஃபோனில் ஒரு சிம்மைப் போட்டு ஹாட்ஸ்பாட் ஆக்குங்கள். டிவியும் உங்கள் ஃபோனும் அதில் சேர்ந்துகொண்டால், அதுவே ரூட்டர். கையில் இருக்கும் ஃபோனையே ஹாட்ஸ்பாட்டாகவும் வைத்து அதிலிருந்தே காஸ்ட் செய்வது சிலதில் வேலை செய்கிறது, சிலதில் டிவியே கண்ணுக்குத் தெரிவதில்லை.

வைஃபை இருந்தும் டிவி கண்ணுக்குத் தெரியாத வீடுகளில்தான் என் ஞாயிற்றுக்கிழமைகள் கழிகின்றன. கேபிள்காரர் வைத்த ஃபைபர் மோடம் கீழே வாசல் பக்கம். மாடிக்கு சிக்னல் வரவில்லை என்று கடையில் ஒரு ரூட்டர் வாங்கி, கீழிருந்து லேன் கேபிள் இழுத்து மேலே மாட்டியிருப்பார்கள். பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாகவே வைத்திருப்பார்கள். வீட்டுக்காரர் பார்வையில் அது ஒரே வைஃபை. ஆனால் இரண்டாவது ரூட்டர் தனக்கென்று ஒரு தனி வீடு கட்டிச் சுவர் எழுப்பிக்கொண்டிருக்கும். மாடியில் இருக்கும் டிவிக்கும் கீழே இருக்கும் ஃபோனுக்கும் நடுவில் அந்தச் சுவர். நெட் இரண்டிலும் வரும், காஸ்ட் குறி மட்டும் வராது. மாடி ரூட்டரை ஆக்சஸ் பாயிண்ட் என்ற நிலைக்கு மாற்றினால் சுவர் விழுந்துவிடும். கெஸ்ட் வைஃபையில் ஃபோனைப் போட்டிருந்தாலும், ஃபோனில் இணையப் பாதையை மாற்றிவிடும் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தாலும் இதே அறிகுறிதான்.

அப்புறம் அந்த 5ஜி. ரூட்டர் காட்டும் இரண்டு பெயரில் ஒன்றின் வாலில் 5ஜி என்று இருக்கும். "எங்க ஃபோன் 4ஜிதான், அதனால அதுல போடல" என்றார் ஒருவர். அது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, ஃபோன் கம்பெனியின் 5ஜிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அடுக்குமாடியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பது தீபாவளிக்கு முந்தின நாள் பஸ் ஸ்டாண்டு. ஒன்றோடொன்று இடிக்காத சேனல் அதில் 1, 6, 11 என்று மூன்றே, அதில்தான் பத்து வீட்டு ரூட்டரும் மைக்ரோவேவ் அடுப்பும் முட்டிக்கொள்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், ஆனால் சுவரைத் தாண்டத் திராணி இல்லை. ஹாலிலேயே ரூட்டர் இருந்தால் டிவியை 5இல் போடுங்கள். இரண்டு சுவர் நடுவில் இருந்தால் 2.4. ரூட்டரை இரும்பு பீரோ மேல் வைத்திருக்கும் வீடுகளுக்கு எதுவும் உதவாது, முதலில் அதை இறக்குங்கள். டிவிக்கு நேராக லேன் கேபிள் செருக முடிந்தால் இந்தப் பேச்சே வேண்டாம். 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 மெகாபிட், டிவியின் லேன் துளை 100 வரை தாங்கும்.

மிரரிங் விட்டு விட்டு ஓடினால் இன்னொரு காரணமும் இருக்கலாம். ஃபோன் ஒரே வைஃபை ஆண்டெனாவை வைத்துக்கொண்டு ரூட்டரோடு ஒரு சேனலிலும் டிவியோடு வேறொரு சேனலிலும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருக்கும். ரூட்டரோடு உள்ள தொடர்பை மட்டும் துண்டித்துவிட்டு, வைஃபையை அணைக்காமல், மிரர் செய்து பாருங்கள். பல ஃபோன்களில் திக்கல் நின்றுவிடும்.

வீடியோ கால் பற்றி எழுதாவிட்டால் வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர் கோபித்துக்கொள்வார்கள். பேரப்பிள்ளையைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்று வாட்ஸ்அப் காலை மிரர் செய்வார்கள். படம் டிவியில் வரும், குரல் பெரும்பாலும் ஃபோனிலேயே நின்றுவிடும். பாட்டி டிவியைப் பார்த்துப் பேசுவார், கேமராவோ கையில் இருக்கும் ஃபோனில். டொராண்டோவில் இருக்கும் பேத்திக்கு அரை மணி நேரம் பாட்டியின் காதும் தோடும்தான் தெரியும். எதிர்வீட்டில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். டிவிக்குக் கீழே, திரையை ஒட்டி, ஒரு டம்ளரில் அரிசி நிரப்பி அதில் ஃபோனைச் செருகி நிறுத்துகிறார்கள். ஸ்பீக்கரையும் போட்டுவிடுகிறார்கள். கண்ணும் கேமராவும் ஒரே பக்கம் வந்துவிட்டன.

என் வீட்டில் இப்போது என்ன ஓடுகிறது என்றால், கூகுள் டிவி. யூடியூபுக்கு ஃபோனிலிருந்து காஸ்ட். ஓடிடிகளுக்கு டிவியிலேயே ஒருமுறை லாகின் செய்துவிட்டு ரிமோட், ஃபோன் எதற்கு? மிரரிங்கை மாதம் ஒருமுறைகூடத் தொடுவதில்லை. வளைகாப்பு அன்று நான் செய்திருக்க வேண்டியதும் இதுதான்: கூகுள் ஃபோட்டோஸைத் திறந்து காஸ்ட் குறியைத் தட்டியிருந்தால் படம் மட்டும் போயிருக்கும், செய்தி என் கையோடு நின்றிருக்கும். மிரர்தான் செய்தாக வேண்டும் என்றால், முதலில் தொந்தரவு செய்யாதே பட்டனைப் போட்டுவிடுவேன். வங்கி ஓடிபி டிவியில் மின்னியதும் ஒருமுறை நடந்திருக்கிறது.

அத்தை இருக்கும் கிராமத்து வீட்டில் பிராட்பேண்ட் இல்லை. அங்கே மிராகாஸ்ட் உள்ள டிவியே போதும் என்று விட்டுவிட்டேன், ஸ்டிக் வாங்கியிருந்தால் வீண். போரூர் ஃபிளாட்டில் நண்பன் வீட்டில் கணவன் ஐஃபோன், மனைவி ஆண்ட்ராய்டு, டிவி பழைய எல்ஈடி. ஆப்பிள் பெட்டி வாங்கப் போனவனைத் தடுத்து கூகுள் டிவி ஸ்டிக் வாங்க வைத்தேன், இருவருக்கும் யூடியூப் காஸ்ட் ஆகிறது, யார் ஃபோன் என்ற சண்டை இல்லை.

பெரியம்மாவுக்கும் போன மாதம் ஒரு ஸ்டிக் மாட்டிக் கொடுத்தேன். அடாப்டரைச் சுவரில் செருகி, யூடியூபை முதல் வரிசையில் வைத்து, ஃபோனிலிருந்து அனுப்பவும் சொல்லிக் கொடுத்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கிளம்பும்போது வாசல்வரை வந்து, "ஏண்டா, இதுலயும் அவன் அனுப்புற மெசேஜ் எல்லாம் தெரியுமா?" என்றார்.

தெரியாது பெரியம்மா என்றேன். முகம் கொஞ்சம் வாடியது.